முனியாண்டி சுருட்டுக்குத் தீர்வை

மூவார்,
தாது வருஷம், ஐப்பசி மாதம்.

மெர்சிங் கஸ்டம்ஸ் ஆபீஸில் கிராணி உத்தியோகம் பார்க்கும் என் பேரன் சிரஞ்சீவி மனோகரனுக்கு, மூவாரிலிருந்து உன் அப்பாயி வெள்ளையம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை, நீ உன் அண்ணன் கனகராஜுக்குப் போடும் கார்டில் தெரிந்துகொள்கிறோம். எனக்கு நீ ஒரு வரியும் எழுதவில்லை. அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை.

முதலில் நல்ல சேதிகள். கனகராஜுக்குச் சிங்கப்பூர் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பெரிய கிராணிக்கு அடுத்த நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அவன் மேசைக்கு மேலே தனியாக ஒரு காற்றாடி சுற்றுகிறதாம். உன் தங்கை அங்கம்மா கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு புத்தகம், அதில் ஒரு குதிரைப் படம். உன் அத்தை மகன் ராஜசேகரன் ஜூனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்துவிட்டான். கணக்கில்தான் இவ்வளவு மார்க் என்று உன் அத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாள். போகட்டும், பிள்ளை பாஸ் செய்தால் தாய்க்குக் கால் வலிக்காது. உன்னைப் பற்றி யாராவது கேட்டால், கவர்மெண்டு உத்தியோகம், கிழக்குக் கரையில், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நான் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பத்தில் துரைத்தனத்து உடுப்புப் போட்டவன் நீ ஒருவன்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அதனால் இந்தப் பெருமையை எல்லாம் சரியாக எண்ணி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. என் கையெழுத்துத்தான். உன் அம்மா விளக்கெண்ணெய் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள். அங்கே மழை தொடங்கியிருக்கும், தலையை ஈரத்தோடு விடாதே.

நான் கப்பலில் போய் வந்த கதையை நீ கேட்கவே இல்லை. கேட்க உனக்கு நேரமும் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கனகராஜ் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு முறை வீட்டு ஆட்களுக்குப் பாஸ் கொடுப்பார்கள். உலாந்தா டச்சுக்காரன் கப்பல், சிங்கப்பூரிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் அவன் ஆளுகிற தேலிக்குப் போய், மேடான் பட்டணத்தைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும். போய் இறங்கிப் பிழைப்பதற்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு. இதை நான் சொன்னபோது படகுத்துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜமால் நம்பவில்லை. அங்க யாரும்மா இருக்காங்க உங்களுக்கு என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். கல்யாணமா, கருமாதியா என்றார். இரண்டும் இல்லை என்றேன். அப்ப எதுக்கும்மா கடல்ல போறீங்க, வயித்தப் புரட்டவா என்று சிரித்தார்.

கப்பலில் எல்லாம் சுத்தமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலையில் எழுந்ததும் மேல்தட்டில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். எங்கேடா போகிறார்கள் என்று கனகராஜைக் கேட்டேன். எங்கயும் போகல அப்பாயி, நடக்கிறாங்க என்றான். ஒரு துரைசானி கயிற்று வளையத்தைத் தூக்கி ஒரு முளையில் போட்டுக்கொண்டே இருந்தாள். விழுந்தால் கை தட்டினார்கள், விழாவிட்டாலும் கை தட்டினார்கள். எனக்குத் துணி நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்காருவது சுலபம், எழுந்திருக்க ஆள் வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தால் மற்றவர்கள் போவார்கள். நான் கொண்டுபோன புளிச்சோற்றையும் மாசிக் கருவாட்டையும் வைத்துக்கொண்டேன். கருவாட்டு வாசனைக்குப் பக்கத்து அறைச் சீனத்தி கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன், கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் லேடாங் மலை தெரிந்தது. நம் கொல்லையிலிருந்து தினமும் பார்க்கிற மலைதான். கப்பல் ஏறிப் போய் அதைப் பார்த்தேன்.

மேடானில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த ராஜம்மா என்பவள் என்னைப் பார்த்ததும் எந்த ஊரு என்று கேட்டாள். அவள் பேச்சில் பாதி மலாய், பாதி தஞ்சாவூர். அவள்தான் சுருட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். தேலிப் புகையிலை உலகத்துக்கே மேல் இலை சுற்றக் கொடுக்கிற புகையிலை என்று உனக்குத் தெரிந்திருக்கும், உன் வேலையே அதுதானே. கடைத் தவுக்கே, சீன முதலாளி, பெட்டியைத் திறந்து ஒன்றை மூக்குக்குக் கொடுத்தான். உன் தாத்தாவின் சட்டையைத் துவைத்தவளுக்குச் சுருட்டை மோந்து பார்க்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். முதல் பெட்டி ஈரம். இரண்டாவது நன்றாக இருந்தது. ஒரு கட்டு வாங்கினேன். மாரியம்மன் முன்னால் வைத்துக் குங்குமம் இட்டு, மஞ்சள் துணியில் முடிந்து, கூடைக்குள் புடவைக்கு நடுவே வைத்தேன்.

யாருக்கு என்று கனகராஜ் கேட்டான். முனியாண்டிக்கு என்றேன். ரெங்கம் தோட்டத்து முனியாண்டிக்கு, உன் தாத்தா அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்த காலம் முதல், சுருட்டுத்தானே படையல். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேர்ந்த காரியத்தை முடிக்கிறவரை வெளியே சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். முடிந்த முடிச்சை சாமி முன்னால்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் யாருக்காக முடிந்தோமோ அவர் கையால் அவிழ்க்க வேண்டும் என்பதும் வழக்கம்.

இனி நடந்தது நீ அறிந்ததுதான். ஆனால் நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். இந்தப் பக்கம் நின்றவளுக்கும் ஒரு கணக்கு உண்டு.

சிங்கப்பூரிலிருந்து கனகராஜ் என்னை மூவார் கப்பலில் ஏற்றிவிட்டான். இங்கே இறங்கி கஸ்டம்ஸ் வரிசையில் நின்றேன், அப்போது உனக்கு மூவாரில்தானே வேலை. நீ வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக மேசைக்குப் பின்னால் நின்றாய். எனக்கு முன்னால் நின்ற மலாய்க்காரியின் தோளைத் தட்டி, அது என் பேரன் என்றேன். அவள் பெட்டியை நீ திறந்து பார்த்து, சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்பினாய். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உனக்கு இனி கவலையில்லை என்கிற சிரிப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தீர்வைச் சாமான் ஏதாவது இருக்கா அப்பாயி என்று கேட்டாய். எங்கிட்ட என்னடா இருக்கு, கெழவி புடவையைத் தவிர என்றேன். நான் பொய் சொன்னதாக உன் அப்பன்கூட நினைத்தான். நான் பொய் சொல்லவில்லை. நேர்ந்து முடிச்சுப் போட்ட பிறகு அது என்னுடையது இல்லை. என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்றுதானே கேட்டாய். சாமியிடம் என்ன இருக்கிறது என்று நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

கூடையில் கை வைத்ததும் உன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என்ன இது என்றாய். சாமி சாமான், தொடாதே என்றேன். புகையிலையா என்றாய். முனியாண்டியோடது என்றேன். உன் பக்கத்து மேசை மலாய் ஆபீசர் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார். நீ குரலைத் தாழ்த்தி, சுருட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு அப்பாயி, காகிதம் எழுதிடலாம், தீர்வையை நான் கட்டுறேன் என்றாய். நான் குரலைத் தாழ்த்தவில்லை. முனியாண்டிக்கு வரி போட நீ யாரடா, வேணும்னா ரெங்கம் போயி அவருகிட்டயே கேளு என்றேன். வரிசையே சிரித்தது. ஜமால் கடையிலிருந்தவர்கள்கூட வேலி ஓரம் வந்துவிட்டார்கள். பேரன்கிட்டயே மாட்டிக்கிட்டீங்களாம்மா என்று ஜமால் கத்தினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நீ பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாய். குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாய். கையைக் கால்சட்டையில் துடைக்காமல் உதறிவிட்டு, ஈரக் கையோடு முடிச்சை அவிழ்த்தாய். எண்ணினாய். எழுதினாய். நான் தீர்வைக்குச் சம்மதிக்காததால் சாமானை நிறுத்தி வைப்பதாகச் சீட்டுக் கிழித்து என் கையில் கொடுத்தாய். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டாய்.

நீ தொப்பி கழற்றியதும் கை கழுவியதும் உன் அப்பனுக்குத் தெரியாது. அவன் வேலை பார்க்கும் பலகைக் கிட்டங்கியிலிருந்து அதன் பிறகுதான் நேரே வந்து வெளியே கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது மேசைமேல் விரித்த மஞ்சள் துணியும் சிரிக்கிற ஜனமும்தான். நீ வாசலுக்கு வந்தபோது என்ன சொன்னான் என்பதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. குலசாமிய சந்தியில அவுத்துப் போட்டவன் என் வாசப்படி மிதிக்க வேண்டாம் என்றான். நீ வரிசை காத்திருக்கிறது என்று உள்ளே போய்விட்டாய். அன்று ராத்திரி நீ வீட்டுக்கு வரவில்லை. அடுத்த மாதம் மெர்சிங்குக்கு நீயே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டாய் என்று கனகராஜ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டில் உன் பேரை எடுக்காமல் ஆடி மாதம் முழுக்கப் போனது. சோற்றுக்கு உட்காரும்போது அங்கம்மா ஒரு நாள் மறந்துபோய் உனக்கும் தட்டு வைத்துவிட்டாள். உன் அம்மா அதை எடுக்க வந்தாள். உன் அப்பன், இருக்கட்டும் என்றான். பிறகு அவனே எழுந்து கை கழுவப் போய்விட்டான். அதைப் பார்த்ததும்தான் அன்று நீ கை கழுவியது எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரை எனக்கும் உன்மேல் கோபம்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். சதாசிவம், உன் மவன் தொப்பியக் கழட்டி வச்சுட்டு, கை கழுவிட்டுத்தாண்டா முடிச்சத் தொட்டான் என்றேன். அவன் ஈரக் கையோடு நின்றான். ஏன் இத்தனை நாள் சொல்லல என்று கேட்டான். நீ கேக்கலயே என்றேன்.

அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தச் சீட்டு எங்கே என்றான். எடுத்துக் கொடுத்தேன். வேலைக்குப் போகிற சட்டையை மாற்றிவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கஸ்டம்ஸ் ஆபீஸுக்குப் போனான். உன் பக்கத்து மேசைக்காரர்தான் இருந்தாராம். உன் அப்பன் வரிசையில் நின்று, சாமான் என்ன என்று கேட்டதற்கு, சுருட்டு, சாமிக்கு என்று மலாயில் சொல்லி, தீர்வை கட்டி வாங்கி வந்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. துணியும் மடித்தபடி இருந்தது. அந்த மலாய்க்காரர், உங்கள் மகன் இதை அலமாரியில் மேல் தட்டில்தான் வைக்கச் சொன்னான், கீழே செருப்புப் பெட்டிகள் இருக்கும் என்றான், என்று சொன்னாராம். உன் அப்பன் இதை என்னிடம் சொல்லும்போது தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

புரட்டாசியில் ரெங்கத்துக்குப் போனோம். உன் அப்பன், அம்மா, நான். தோட்டத்துப் பாதை மழையில் சேறு, மாட்டுவண்டிதான் கிடைத்தது. பூசாரி ஐயாசாமிக்கு இப்போது ஒரு கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் வாய் பழையபடியே இருக்கிறது. முடிச்சில்லாமல் துணியைக் கொண்டுபோய் வைத்ததும், என்னம்மா அவுந்து கெடக்கு என்று கேட்டார். உன் அப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். யாரு கை அவுத்துச்சு என்றார். பேரன் கை என்றேன். யாருக்காக முடிஞ்சீங்க என்றார்.

அதுவரை நான் வெளியே சொல்லாத சேதி அது. நேர்த்தி சாமி முன்னால் வந்துவிட்டதால் இனி சொல்லலாம் என்று சொன்னேன். உனக்கும் இப்போது சொல்கிறேன். நீ கவர்மெண்டு பரீட்சை எழுதிவிட்டு முடிவு வராமல் சோறு இறங்காமல் இருந்தாயே, அப்போது நேர்ந்துகொண்டது. என் பேரனுக்குத் துரைத்தனத்து வேலை கிடைத்தால், நானே கடல் தாண்டிப் போய், என் கையால் சுருட்டு வாங்கி வந்து வைக்கிறேன் என்று. உனக்கு வேலை கிடைத்தது. கஸ்டம்ஸில் கிடைக்கும் என்று நானும் நினைக்கவில்லை, முனியாண்டியும் சொல்லவில்லை.

உன் அப்பன் அப்போதுதான் அதைக் கேட்டான். அப்படியே படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஐயாசாமி சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த ஆடு மிரண்டது. கை கழுவினானாம்மா என்று கேட்டார். கழுவினான் என்றேன். யாருக்காக முடிஞ்சீங்களோ அவனே அவுத்திருக்கான், சுத்தமான கையால அவுத்திருக்கான், இதுல என்ன கொறை என்றார். சாமி முன்னால அவுக்கலியே என்று உன் அப்பன் கேட்டான். நம்ம முனியாண்டி இங்க எல்லையில குந்திக்கிட்டு என்னய்யா பண்றாரு, வர்றவன் போறவன் மடியில என்ன இருக்குன்னு பாக்குறாரு, அவரு பாக்குறதும் கஸ்டம்ஸ் வேலைதான், ஒன் மவன் பாக்குறதும் அதேதான், பெரிய துரையும் சின்னக் கிராணியும் பேசி முடிச்சுக்குவாங்க, நீ போயி நெருப்பு எடுத்துட்டு வா என்றார். எனக்கு ஐயாசாமி சொல்வதில் பாதிதான் எப்போதும் நம்பிக்கை. ஆனால் உன் அப்பன் எழுந்து போய் நெருப்பு எடுத்து வந்தான். முதல் சுருட்டை அவன்தான் பற்றவைத்தான். புகைக்கு அவனுக்கு இருமல் வந்தது. ரொம்ப நேரம் இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகைதான்.

இத்துடன் மடித்து வைத்திருப்பது அங்கே கொடுத்த திருநீறு. குளித்துவிட்டுப் பூசிக்கொள். உன் பங்குக்கு ஒரு சுருட்டை ஐயாசாமி தனியாக எடுத்துக் கொடுத்தார். அது உன் அப்பனிடம் இருக்கிறது. மூவாரிலிருந்து மெர்சிங்குக்குத் தபாலில் சுருட்டு அனுப்பினால் அதற்கும் தீர்வை உண்டா, உண்டென்றால் யாரிடம் முன்னால் சொல்ல வேண்டும் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னான். ஒரே ராஜ்யத்துக்கு உள்ளேயே அனுப்பினால் தீர்வை கிடையாது என்று ராஜசேகரன் சொல்கிறான். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், உத்தியோகஸ்தன் சொல்லட்டும் என்கிறான் உன் அப்பன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்று கனகராஜுக்கு எழுதியிருக்கிறாய். கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை. வாசற்படியைப் பற்றிச் சொன்னதை உன் அப்பன் தன் வாயால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டான். அவன் அப்பாவும் அப்படித்தான். ஒரு தடவை என்னை என் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, திரும்ப வா என்று சொல்லத் தெரியாமல் என் ஆட்டுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பினார். நான் வந்து பார்த்தேன், குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. நானும் குட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கடல் கொந்தளிக்கிற மாதம், கப்பலில் ஏறிச் சாமான் பார்க்கப் போனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறு. தனியாகச் சமைக்கிறேன் என்று சோற்றை அரைவேக்காட்டில் இறக்காதே. நீ நூறு வருஷம் நல்லபடி இருப்பாய். முனியாண்டி உன் கை காலைக் காப்பார்.

ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய். அங்கே ஜப்பான்காரன் படம் பிடிக்கிற கடை இருக்கும். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. வேட்டி சட்டையில் வேண்டாம். உத்தியோக உடுப்போடு, தொப்பி தலையில் நேராக இருக்கிற மாதிரி நின்று எடு. கூடத்தில் வாசலைப் பார்த்த சுவரில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், ஆணி அடித்தாகிவிட்டது. யார் அடித்தது என்று எழுதக்கூடாது என்று உன் அப்பன் சொல்லியிருக்கிறான். அதனால் நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன்னை ஆசீர்வதிக்கும் அப்பாயி
வெள்ளையம்மா